தொட்டிற் குழந்தைக்கு ஓர் ஓவியம்

வின்சென்ற் வான் கோ என்னும் ஒல்லாந்து ஓவியரின் பெயரை வகுப்பறையிலே சொன்னால், மாணவர் பலர்க்கு உடனே நினைவுக்கு வருவது அவர் தமது காதைத் தாமே அறுத்துக்கொண்ட கதைதான். சித்தங் கலங்கிய ஒருவர் வெறியிலே வாரியிறைத்த வண்ணங்களே அவருடைய ஓவியங்கள் என்ற எண்ணமும் அக்கதையோடு சேர்ந்து வந்துவிடுகிறது. இது பெரும் பிழை. அவர் வரைந்த ஓவியங்களுள் ஒன்றன் வரலாற்றை அறிந்தாலே இப்பிழை நீங்கிவிடும்.

1853 ஆம் ஆண்டிலே பாதிரியார் ஒருவரின் மைந்தராகப் பிறந்த வான் கோ, இளமையிலேயே ஓவியராகிவிடவில்லை. ஓவிய வணிக நிலையத்திலே பணிபுரிந்தார், ஆசிரியராயிருந்தார், புத்தகக் கடையில் வேலை பார்த்தார், பெல்சியம் நாட்டின் சுரங்கத் தொழிலாளரிடையே சமயபோதனை செய்தார். ஒன்றிலும் அவர் நிலைக்கவில்லை. 1880 இல், தமது 27 ஆவது வயதிலேதான், ஓவியமே தம் வழியெனத் துணிந்தார். அன்றிலிருந்து அவரைத் தாங்கியவர் அவருடைய தம்பி தியோ. பாரிஸ் நகரிலே ஓவிய வணிகராயிருந்த தியோ, அண்ணனுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினார். அண்ணனோ தாம் தீட்டிய ஓவியங்களைத் தம்பிக்கு அனுப்பினார். வான் கோவின் கடிதங்களாக இன்று 800 க்கும் மேற்பட்டவை எஞ்சியுள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை தியோவுக்கு எழுதப்பட்டவையே.

உழைப்பும் பயிற்சியும்

அக்கடிதங்களைப் படிப்போர் வெறியைக் காணார்; அயராத உழைப்பையே காண்பர். 1885 இல் அவர் வரைந்த ‘உருளைக்கிழங்கு உண்போர்’ என்னும் ஓவியத்திலே, ஏழைக் குடியானவர் ஐவர் விளக்கொளியில் உணவுண்கின்றனர். அதற்கு ஆயத்தமாக அவர் ஒரு மாரிகாலம் முழுவதும் குடியானவரின் முகங்களைத் திரும்பத் திரும்பத் தீட்டிப் பழகினார். மண்ணைக் கிளறிய அதே கைகளால் அவர்கள் உண்கின்றனர் என்பதைக் காட்டுவதே தமது நோக்கம் என்று தம்பிக்கு எழுதினார்.

எந்த வண்ணத்தை எந்த வண்ணத்தின் அருகே வைத்தால் இரண்டும் ஒளிரும் என்பதை ஆராய்வதற்கு, பல நிறக் கம்பளிநூல் உருண்டைகளை ஒரு பெட்டியில் வைத்திருந்தார். நூல்களை ஒன்றோடொன்று பின்னிப் பார்ப்பார். மஞ்சளின் அருகே ஊதா, நீலத்தின் அருகே செம்மஞ்சள் என்று அவர் கண்ட இணைகள் பிற்கால ஓவியங்களிலே ஒளிவீசுகின்றன.

1888 இல் அவர் தென் பிரான்சிலுள்ள ஆர்ல் நகருக்குச் சென்றார். மாதிரியாக அமர்வோர்க்குக் கொடுக்கப் போதிய பணம் அவரிடம் இருக்கவில்லை. ஆயினும் ரூலான் என்னும் தபால் ஊழியர் அவருக்கு நண்பரானார். அவரையும், அவருடைய மனைவியையும், பிள்ளைகள் மூவரையும், கைக்குழந்தை உட்பட, வான் கோ வரைந்தார். அவ்வாண்டு மார்கழியிலே அவர் அறிவு கலங்கிக் காதை அறுத்துக்கொண்டபோது, அவரைக் கவனித்து நின்றவரும் அந்தத் தபால்காரரே.

வாதுமை மலர்கள்

1889 ஆம் ஆண்டு வைகாசியிலே, சென் ரெமி என்னும் ஊரிலிருந்த மனநோய் வைத்தியசாலைக்கு வான் கோ தாமாகவே விரும்பிச் சென்று சேர்ந்தார். நோய் வந்தபோது பெரும்பாலும் தூரிகையைத் தொட முடியாது கிடந்தார். தெளிந்த நாட்களிலே வரைந்தார். அவருடைய கலைக்கு நோய் காரணமன்று. அது தடையாகவே இருந்தது.

1890 தை 31 ஆந் தேதி தியோவுக்கு ஆண்மகவு பிறந்தது. குழந்தைக்குத் தியோவும் மனைவி யோகன்னாவும் வின்சென்ற் என்றே பெயரிட்டனர். காலஞ்சென்ற தந்தையாரின் பெயரை இட்டிருக்கலாமே என்று பெரியப்பா தம் தாயாருக்கு எழுதினார். எனினும், உடனே குழந்தைக்கென ஓர் ஓவியத்தைத் தொடங்கிவிட்டார்.

பாதாம் பருப்பைத் தருகின்ற வாதுமை மரம், குளிர்காலம் முடியுமுன்னரே, இலை தளிர்க்குமுன் பூத்துவிடும். புதிய உயிரின் வருகைக்கு இதனினும் பொருத்தமான மலர் எது? ஓவியத்திலே நிலம் இல்லை, அடிமரமும் இல்லை. நீல வானம் முழுதும் பரந்த கிளைகளும் வெண்மலர்களுமே உள்ளன. தொட்டிலிற் கிடக்கும் குழந்தை அண்ணாந்து பார்ப்பதுபோன்ற காட்சி அது. கிளைகளின் கரிய கோடுகளில், அவர் விரும்பிச் சேகரித்த யப்பானிய அச்சோவியங்களின் சாயலைக் காணலாம்.

தாம் மிகப் பொறுமையுடனும், அமைதியுடனும், கை உறுதியுடனும் செய்த வேலை அதுவே என அவர் தம்பிக்கு எழுதினார். ஆனால், அவ்வோவியத்தைத் தீட்டிய சின்னாட்களிலேயே நோய் மீண்டும் அவரை வீழ்த்தியது. ஏறக்குறைய இரண்டு மாதங்களின் பின் அவர் தேறி எழுந்தபோது, வாதுமைப் பூக்கள் உதிர்ந்துவிட்டிருந்தன. இன்னும் பல மலர்க்கிளைகளை வரைய நினைத்திருந்த அவர், தமக்கு வாய்ப்பில்லையே என்று வருந்தினார்.

வைகாசியிலே பாரிசுக்குச் சென்று, தம் பெயர் தாங்கிய குழந்தையைக் கண்ணாற் கண்டார். 1890 ஆடி 29 இல், துப்பாக்கிக் காயத்தினால், தம்பி அருகிருக்க உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 37. ஆறு மாதத்துள் தியோவும் காலமானார். கைக்குழந்தையுடன் தனித்து நின்ற யோகன்னா, எவரும் அதிகம் மதியாத அந்த ஓவியங்களைப் பேணினார், காட்சிகள் நடத்தினார், 1914 இல் சகோதரரின் கடிதங்களை நூலாக வெளியிட்டார். அக்குழந்தை வளர்ந்து பொறியியலாளராயிற்று. குடும்பத்திடமிருந்த ஓவியங்கள் சிதறிப் போகாமல் ஒரே இடத்திற் சேர்ந்திருக்க அவர் முயன்றதன் பயனாக, 1973 இல் அம்ஸ்ரடாம் நகரிலே வான் கோ அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது.

வாதுமை மலர் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. குடும்பத்தார் அதனை ஒருபோதும் விற்கவில்லை. காது அறுத்த கதையைச் சொல்லும் மாணவர்க்கு, இக்கதையையும் நாம் சொல்லுதல் வேண்டும். துன்பம் சூழ்ந்த ஒரு மனிதர், தாம் இன்னும் காணாத ஒரு குழந்தைக்காக, நடுங்காத கையுடன் ஒவ்வொரு பூவாகத் தீட்டினார் என்பதை அவர்களும் அறியட்டும்.