பொம்மையைக் கவிழ்த்துப் பாருங்கள்!

(மூன்றாமாண்டு, செராமிக் டெக்னாலஜி)

ஒரு பொம்மை எங்கள் வீட்டில் பத்து நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மா வீட்டு வேலை செய்யும் இடத்தில் ஒரு ரிட்டையர்டு டீச்சர். மகள் வீட்டோடு போகும்போது, தம்பி ஜெர்மனியிலிருந்து வாங்கி வந்த பொம்மையை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். சாண் உயரம்கூட இல்லை. முதுகில் புத்தகப் பையோடு ஒரு பையன். பக்கத்து வீட்டு அண்ணன் செல்போனில் பார்த்துவிட்டு, "யக்கா, இது ஹும்மல் பொம்மை, லட்சக்கணக்குல போகும்" என்றார். அவ்வளவுதான்! என் பரீட்சை பீஸ், ஆத்தாவின் அடகுத் தோடு என்று அம்மா கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

ஹும்மல் என்பது ஒரு கன்னியாஸ்திரீயின் பெயர். 1909-ல் பவேரியாவில் பிறந்த பெர்த்தா ஹும்மல், மடத்தில் சேர்ந்து மரியா இன்னொசென்ஷியா ஆனார். அவர் வரைந்த குழந்தைப் படங்களைப் பார்த்து கோபெல் கம்பெனி 1935 முதல் பொம்மை செய்தது. நாஜி அரசு 1940-ல் மடத்தையே எடுத்துக்கொண்டது. காசநோயில் 1946-ல் அவர் இறந்தபோது வயது 37தான். போருக்குப் பிறகு ஜெர்மனியில் இருந்த அமெரிக்க சிப்பாய்கள் இந்தப் பொம்மைகளை ஊருக்கு வாங்கிப் போனார்கள். மவுசு அங்கேதான் ஏறியது.

செய்முறை நமக்குத் தெரிந்ததுதான். பிளாஸ்டர் அச்சில் ஸ்லிப்பை ஊற்றினால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், ஓரத்தில் சுவர் கட்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுவோம். பல துண்டுகளாக வார்த்து, ஸ்லிப்பாலேயே ஒட்டிச் சூளையில் சுடுவார்கள். மண் எர்த்தன்வேர் வகை. உள்ளே கூடு என்பதால் காற்றுப் போக எங்காவது ஊசி ஓட்டை இருக்கும். அதை உடைசல் என்று நினைத்துவிடாதீர்கள்.

வயசைச் சொல்வது அடிப்பக்கம். 1950-க்கு முன் செய்ததில் கிரீட முத்திரை இருக்கும். 1950-லிருந்து வி எழுத்துக்குள் ஒரு வண்டு வந்தது. ஜெர்மன் மொழியில் ஹும்மல் என்றால் வண்டு! வர வர அந்த வண்டு சிறுத்து, வெறும் புள்ளியும் முக்கோணமும் ஆகி, 1979-ல் காணாமலே போனது. பிறகு 1991 வரை "கோபெல், மேற்கு ஜெர்மனி" என்ற எழுத்து மட்டும்தான். 2000-ல் வண்டு திரும்பி வந்தது, 2008-ல் கோபெல் இந்தப் பொம்மைகளை நிறுத்திவிட்டது.

நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. அடியில் ஒரு பழைய வருடம் கீறியிருந்தது. 'அடேயப்பா, இவ்வளவு பழசா!' என்று குதித்தேன். அது அந்த மாடலுக்கு உரிமை பதிந்த வருடமாம். பொம்மை செய்த வருடம் இல்லை. அதே அச்சு மாடலில் முப்பது வருடம் கழித்துச் செய்ததிலும் அதே வருடம்தான் இருக்கும். அதனால் முத்திரையை நம்புங்கள், வருடத்தை நம்பாதீர்கள்.

எங்கள் பையனுக்கு வண்டு இல்லை. மேற்கு ஜெர்மனி என்று மட்டும் இருந்தது. ஆக 1979-க்குப் பிந்தியவன். அந்தக் காலத்தில் ஏராளமாகச் செய்தார்கள். சேர்த்து வைத்த தலைமுறைக்கு வயசாகி, எல்லாம் விற்பனைக்கு வந்துவிட்டன. சாதாரண பொம்மைக்கு இன்று சில பத்து டாலர் கிடைத்தால் பெரிது. கிரீட முத்திரை, பெரிய சைஸ், அபூர்வ மாடல் என்றால்தான் நல்ல விலை. அதிலும் பிசிறு போயிருக்கக் கூடாது. கிளேஸில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு இருந்தாலும் விலை இறங்கும். ஒட்டிப் பெயின்ட் அடித்திருந்தால் நகத்தால் தடவினாலே வழவழப்பு மாறுவது தெரியும். எங்கள் பையனுக்குத் தொப்பி ஓரத்தில் ஒரு பிசிறு வேறு.

அம்மாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆனது. கேட்டுவிட்டு, "நல்லவேளை, தோட்டை மீட்டுடறேன்னு ஆத்தாகிட்ட சொல்லல" என்றது. பீஸை மாமா கட்டினார். பையன் டிவி மேல் நிற்கிறான்.

உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ இப்படி ஒன்று இருந்தால் செராமிக் லேபுக்குக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறேன். தலையையோ கையையோ பிடித்துத் தூக்காதீர்கள். ஒட்டிய துண்டுகள் அவை. இடுப்பைப் பிடித்துக் கவிழ்க்கவும்.