மாத்திரையை எங்கே வைப்பது?

1956-இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு தொடங்கியது. காசநோய்க்கு வைத்தியம் என்றாலே அந்தக் காலத்தில் சானடோரியம்தான். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் கூட்டத்துக்கு முன்னால் சானடோரியம் படுக்கைகள் எந்த மூலைக்கு? மாநில அரசும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், உலக சுகாதார நிறுவனத்தோடும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடும் கைகோத்து நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தன. ஒரு பாதி சானடோரியத்துக்கு, மறு பாதி அவரவர் வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஒரே மாத்திரைகள், ஓராண்டுக்கு.

1959-இல் முடிவு வெளியானது. நெரிசலான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே தேறினார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் அதனால் தொற்று கூடிவிடவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்குச் சென்னையின் இந்த ஆய்வும் ஒரு காரணம்.

படுக்கை தேவையில்லை, மருந்து போதும் என்றுதான் இந்த ஆய்வை வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிதான். ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். போனால் நோயாளி அங்கே இருந்தார். வார்டின் வேலையை வீடு செய்தது, அவ்வளவுதான்.

இன்றைய மருத்துவம் பெரும்பாலும் அந்த வழியில்தான் நடக்கிறது. காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் ஆயுள் முழுக்க. மருத்துவமனை சீட்டு எழுதிக் கொடுத்துவிடும், மிச்சம் வீட்டில்தான். 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறார்கள். அருமையான திட்டம். ஆனால், தேடி வர ஒரு வாசல் வேண்டும்.

நடைபாதையில் படுப்பவருக்கு இன்சுலின் எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும்? பிரிக்காத குப்பியைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைத் தண்ணீராவது கைகொடுக்கும். பை ஒன்றையே வீடாகச் சுமப்பவர் என்ன செய்வார்? மாத்திரை மழையில் நனைகிறது, தூக்கத்தில் பையோடு களவு போகிறது. கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, 'தண்ணி படாம பாத்துக்கோங்க, நல்லா ரெஸ்ட் எடுங்க' என்று அனுப்பினால், அந்த ஓய்வை எங்கே எடுப்பது? முதலமைச்சர் காப்பீட்டில் சேர வேண்டுமென்றாலும் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும். இரண்டுக்கும் அடியில் இருப்பது முகவரி.

மனநலச் சிகிச்சையில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையானது. முதலில் குணமாகு, குடியை விடு, பிறகு வீடு தருகிறோம் என்பதே பல நாடுகளில் நெடுங்காலம் நடைமுறை. நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் 1992-இல் இதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, நிபந்தனை கிடையாது, சிகிச்சை கூடவே வரும். கனடா 2009 முதல் 2013 வரை ஐந்து நகரங்களில் ஏறக்குறைய 2,000 பேரிடம் இதைச் சோதித்தது. முதலில் வீடு பெற்றவர்கள் மற்றவர்களைவிட மிக அதிக நாட்கள் வீட்டில் நிலைத்தார்கள். நோயின் அறிகுறிகளிலோ இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த முறையின் ஆதரவாளர்கள் சற்றுத் தணிந்த குரலில் சொல்லும் சேதி இது. உரக்கவே சொல்லலாம் என்பேன். வீடு மருந்தாகிவிடாது, மருந்தைத் தொடர்ந்து எடுக்க இடம் தரும்.

நம் நாட்டிலும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 தெளிவாகவே சொல்கிறது. வீடில்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது. அப்படியானால் எங்கே போவது? சென்னையின் 'தி பான்யன்' அமைப்பு 2015 முதல் ஒரு விடை தருகிறது. ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் இருந்த பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். உதவிக்குப் பணியாளர் உண்டு. என்ன சமைப்பது என்று அவர்களே முடிவெடுக்கிறார்கள்.

கூரை கிடைத்தால் எல்லாம் முடிந்துவிடுமா என்றால், இல்லை. 2015 சென்னை வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் பெரும்பாக்கத்து எட்டு மாடிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. குடிசையைவிட உறுதியான சுவர்தான். ஆனால் நடந்தே போய்வந்த பெரிய ஆஸ்பத்திரி இப்போது 20 கிலோமீட்டருக்கும் அப்பால். வீட்டு வேலையும் கூலி வேலையும் நகரத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, வரிசையில் நின்று மாத்திரை வாங்க வேண்டும் என்றால், உடம்பு தாங்கும்வரை தள்ளிப்போடுவதுதான் மனித இயல்பு. மேல் மாடியில் இருப்பவருக்கு முட்டிவலியும் இருந்து, லிஃப்டும் நின்றுவிட்டால் அன்றைக்குச் சிகிச்சை இல்லை.

காசநோய்க்கு மூன்றாவது மாத மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவரை இடம் மாற்றினால் அவருடைய பதிவும் கூடவே இடம் மாற வேண்டும். அதற்கு வழி இருக்கிறது, காசநோயாளிகளுக்கான நி-க்ஷய் இணையப் பதிவிலேயே ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். ஆனால் அவர் கிளம்புகிறார் என்பது பழைய மையத்தில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டுமே. மறுகுடியமர்த்தும் முன் எடுக்கும் கணக்கெடுப்பில், வீட்டில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார், எங்கே வாங்குகிறார் என்ற கேள்வி கட்டாயம் இடம்பெற வேண்டும். அதற்கான பதில் புதிய இடத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு, சாமான் லாரி கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.