கஞ்சாச் செடியும் உரிமச் சட்டமும்

இமயமலைச் சரிவுகளில் கஞ்சாச் செடி தானாகவே முளைத்துப் புதர்போல மண்டிக் கிடப்பதைக் காணலாம். குமாவோன், கட்வால் பகுதிகளின் மலையூர் மக்கள் அதன் தண்டிலிருந்து நாருரித்துக் கயிறு திரிப்பதும், விதையை வறுத்துத் துவையல் அரைப்பதும் நெடுங்கால வழக்கமாகும். (தென்னாட்டில் பசுந்தாள் உரமாக விதைக்கப்படும் சணப்பு வேறு இனத்தைச் சேர்ந்தது, கஞ்சாவைப் பற்றிய சட்டம் அதற்குப் பொருந்தாது.) நாருக்கும் விதைக்கும் இன்று சந்தையில் தேவை பெருகியுள்ளமையால், இச்செடியைப் பயிரிட்டுத் தொழில் நடத்தலாமா என்னும் வினா எழுகின்றது. நடத்தலாம்; ஆனால் உரிமம் பெற்ற பின்னரே விதைக்கலாம்.

சட்டம் வகுத்த பிரிவு

1985ஆம் ஆண்டின் போதை மருந்துகள், மனமயக்கப் பொருள்கள் சட்டம் இச்செடியைப் பகுதி பகுதியாகப் பிரித்து நோக்குகின்றது. செடியின் பிசின் 'சரஸ்' எனவும், பூத்த அல்லது காய்த்த நுனிகள் 'கஞ்சா' எனவும் தடைக்கு உட்படுகின்றன. நுனியோடு சேராத விதையும் இலையும் இவ்விலக்கணத்தில் அடங்கா. 'பாங்' எனப்படும் இலையின் விற்பனை மாநிலங்களின் ஆயத்தீர்வைச் சட்டங்களுக்கு உட்பட்டது.

இப்பிரிவுக்குத் தாவரவியல் அடிப்படையும் உண்டு. மயக்கம் தரும் டெட்ராஹைட்ரோகன்னாபினால் என்னும் பொருள், பெண் பூக்களைச் சூழ்ந்த சிற்றிலைகளிலுள்ள சுரப்பு மயிர்களில்தான் மிகுதியாக உண்டாகின்றது. நாரிலும் விதையின் உள்ளீட்டிலும் அது ஏறத்தாழ இல்லை எனலாம்.

எதற்கு எந்த உரிமம்?

அனுமதியின்றிப் பயிரிடுவோர்க்கு 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். ஆயினும், நாரும் விதையும் பெறும் தொழில் நோக்கத்துக்காகப் பயிரிட அரசு தனி உத்தரவால் அனுமதிக்கலாம் என்று சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுகின்றது. இவ்வழியைப் பின்பற்றி, 2018ஆம் ஆண்டில் உத்தராகண்ட் மாநிலம் உரிமம் வழங்கத் தொடங்கிற்று. அங்கே பயிரில் மேற்கூறிய மயக்கப் பொருள் 0.3 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. மேற்பட்டால் பயிர் அழிக்கப்படும்.

பயிரிடும் உரிமம் ஒன்றே போதுமானதன்று. விதை, விதையெண்ணெய், விதைமாவு ஆகியவற்றை உணவாக விற்க, உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளுக்கு இணங்க உரிமம் வேண்டும். இவற்றை உணவாக ஏற்கும் விதிகள் 2021ஆம் ஆண்டில் வெளியாயின. அவற்றின்படி மயக்கப் பொருளின் எச்சம் விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமையும், எண்ணெயில் 10 மில்லிகிராமையும் தாண்டலாகாது. விதையில் இப்பொருள் இல்லையாயின் வரம்பு எதற்கு? அறுவடையின்போது சிற்றிலைகளின் பிசின் விதையின் மேல் ஒட்டிக்கொள்வதே காரணம். இலையைக் கொண்டு ஆயுர்வேத மருந்து செய்வோர், 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின்கீழ் உற்பத்தி உரிமமும் பெறுதல் வேண்டும்.

காற்றால் நேரும் இடர்

உரிமம் பெற்ற உழவரும் அறியாமலே குற்றத்துக்கு ஆளாக நேரலாம். கஞ்சாவில் ஆண் செடியும் பெண் செடியும் பெரும்பாலும் தனித்தனியாக உள்ளன. மகரந்தம் காற்றில் நெடுந்தொலைவு செல்லும். அருகிலுள்ள காட்டுச் செடியின் மகரந்தம் வயலில் விழுந்தால், அவ்வாண்டுப் பயிரின் இயல்பு மாறாது; ஆனால் அதில் விளையும் விதையின் மரபு மாறிவிடும். அவ்விதையைச் சேமித்து மறு ஆண்டு விதைத்தால், பயிர் 0.3 விழுக்காட்டைக் கடந்துவிடக் கூடும். கண்ணால் பார்த்து இவ்வேறுபாட்டை அறிதல் அரிது. பூ முதிரும் பருவத்தில் மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தே அறிய இயலும். ஆதலின் ஒவ்வோர் ஆண்டும் சான்று பெற்ற விதையையே வாங்கி விதைப்பது நலம்.

களப்பணியாளர் கடமை

சட்டவிரோதப் பயிரை அறிந்த நில உரிமையாளரும், கிராம அதிகாரியும், அரசு ஊழியரும் உடனே தகவல் தர வேண்டும் என்று சட்டத்தின் 46, 47ஆம் பிரிவுகள் விதிக்கின்றன. அறிந்தும் வாளாவிருத்தல் தண்டனைக்குரியது. எனவே, ஆலோசனை கேட்டு வரும் உழவரிடம் களப்பணியாளர் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும்: செடியின் எப்பகுதி வேண்டும்? எந்நோக்கத்துக்காக? உரிமம் கையில் உள்ளதா? மூன்றாவது வினாவுக்கு விடை கிடைக்கும் வரை விதை மண்ணில் விழலாகாது.