2,000 வாட் என்றால் 2,000 வாட்தான்

டிசம்பரில் ஊட்டிக் கடைகளில் ரூம் ஹீட்டர்கள் முன்வரிசைக்கு வந்துவிடும். “இது கரண்டு கம்மியா இழுக்கும், சூடு நல்லா கொடுக்கும்” என்று ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அதிலும் 2,000 வாட், பக்கத்தில் பாதி விலைக்கு இருப்பதிலும் 2,000 வாட் என்றிருந்தால், இரண்டும் தரும் வெப்பம் ஒன்றேதான்.

மோட்டாரில் வெப்பம் என்பது நட்டக்கணக்கு. ஹீட்டரில் அதுவே வரவு. உள்ளே போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 860 கிலோகலோரி வெளியே வந்தே தீரும். கம்பியில் ஓடும் மின்சாரம் எவ்வளவு வெப்பம் தரும் என்று ஜேம்ஸ் ஜூல் 1840களிலேயே அளந்துவிட்டார். அதற்குமேல் ஒரு துளி கூடுதலாகத் தரும் கம்பியை எந்த நிறுவனமும் செய்ய முடியாது. ஃபேன் ஹீட்டரின் விசிறி தள்ளும் காற்றின் வேகம்கூட, ஓய்ந்தபின் வெப்பமாகவே முடிகிறது.

அப்படியென்றால் ஆயில் ஹீட்டருக்கு ஏன் அவ்வளவு விலை? அதன் எண்ணெய் எரிவதில்லை, தீர்வதுமில்லை. வெப்பத்தை வாங்கி வைத்து மெதுவாக விடுகிறது. அணைத்த பிறகும் சற்று நேரம் சூடு இருக்கும், ஆனால் போட்டவுடன் கிடைக்காது. சிவப்பாக ஒளிரும் ஹாலஜன் வகை இதற்கு நேர்மாறு. அறையைப் பற்றிக் கவலைப்படாமல் எதிரே உட்கார்ந்திருப்பவரை நேராகச் சுடும். கால்மணி நேரம் கை காய அதுவே போதும். இரவு முழுக்கத் தூங்க ஆயில்தான் சுகம்.

பில்லை உண்மையில் ஏற்றுவது அறைதான். பன்னிரண்டுக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அதற்குள் அடங்கும் காற்று ஏறத்தாழ 32 கிலோ. அதைப் பத்து டிகிரி சூடாக்கப் பத்தில் ஒரு பங்கு யூனிட்கூட வேண்டாம். 2,000 வாட் ஹீட்டருக்கு மூன்று நிமிட வேலை. பிறகு ஏன் மணிக்கணக்கில் ஓடுகிறது? கல்சுவர் உறிஞ்சுகிறது, கண்ணாடி கடத்துகிறது, கதவிடுக்கு வழியே சூடான காற்று போய்க் குளிர்காற்று வருகிறது. ஓட்டைவிழுந்த ஜன்னலை வைத்துக்கொண்டு ஹீட்டரை மாற்றுவதில் அர்த்தமில்லை. கனத்த திரைச்சீலையும் கதவடியில் ஒரு பழைய போர்வையும் போட்டால், தெர்மோஸ்டாட் அடிக்கடி தானாக அணைந்துகொள்ளும். யூனிட் மிச்சமாவது அந்த இடைவெளிகளில்தான்.

பெட்டியில் இருக்கும் வாட் கணக்கு 230 வோல்ட்டுக்கு. வோல்டேஜ் 180க்கு இறங்கினால், மின்திறன் அதன் இருமடியைப் பொறுத்ததால், 2,000 வாட் ஹீட்டர் 1,225 வாட்டுக்கு வந்துவிடும். ‘ஹீட்டர் போச்சு’ என்று கடைக்குத் தூக்கிச் செல்லுமுன் வோல்டேஜைப் பார்க்கலாம். முழு வோல்டேஜில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும்; சின்ன பிளக்கில் சொருகினால் உருகும், பவர் பிளக்தான் வேண்டும்.

ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட்டைவிட அதிக வெப்பம் வேண்டுமென்றால் வழி ஒன்று உண்டு: ‘ஹாட் அண்ட் கோல்ட்’ ஏசி. அது வெப்பத்தை உண்டாக்குவதில்லை, வெளிக்காற்றில் இருப்பதை உள்ளே இறைக்கிறது. அதனால் ஒரு யூனிட்டுக்கு மூன்று யூனிட் வெப்பம்வரை கிடைக்கும். உறைபனி இரவுகளில் இந்தக் கணக்கு இறங்கும். வெளியே இருக்கும் சுருளில் பனி படிந்து, அதை உருக்கிவிட்டு வர இயந்திரம் அவ்வப்போது சூடு தருவதை நிறுத்திக்கொள்ளும்.