நாலு சில்லும் இழுத்தால் சேறு விடுமா?

கார்த்திகை மழை இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்த ஒரு காலை. துணுக்காய்ப் பக்கத்துக் குத்தகை வயலொன்றில் பழைய மசி பேர்கசன் உழவு இயந்திரம் ஒன்று அச்சு மட்டத்துக்குப் புதைந்து நின்றது. அது மூன்று குடும்பங்களுக்குப் பொதுவான இயந்திரம். மூன்று குடும்பங்களும் 2009 இல் முள்ளிவாய்க்கால் கரையில் தம்முடையவற்றையெல்லாம் விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தவை. இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்ப வழியின்றிப் பிறர் வயலைச் செய்கின்றன. குத்தகைக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பள்ளக் காணிதான் என்பது வாசகர்களுக்குத் தெரியாததல்ல.

அன்று பின்னேரம் அவர்களில் மூத்தவர் கேட்டார்: "ஐயா, இதை நாலு சில்லும் இழுக்கிற மாதிரி மாத்தேலாதோ? ஒரு கராச்சில செய்து தாறமெண்டு சொல்லுறாங்கள். பிள்ளையின்ர சங்கிலி ஒண்டு கிடக்கு."

சங்கிலி என்ற சொல் வந்ததால்தான் இதை விரிவாக எழுதுகிறோம்.

சாதாரண உழவு இயந்திரத்தில் பின் சில்லுகள் இரண்டும் இழுக்கின்றன. முன் சில்லுகள் திருப்புவதற்கு மட்டுமே. காய்ந்த மண்ணில் இது போதும். கலப்பை இழுபடும்போது இயந்திரத்தின் பாரம் பின்னுக்குச் சாய்ந்து பின் சில்லை அழுத்தும். சேற்றிலோ இழுக்காத முன் சில்லு மண்ணைக் குவித்துத் தள்ளிக்கொண்டு போகிறது. பின் சில்லுகள் தம் சுமையோடு அந்தத் தடையையும் தள்ள வேண்டியிருக்கிறது. துணுக்காயின் கருங்களி காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ரயரின் பற்களுக்கிடையே அப்பிக்கொள்ளும். பல் மூடிய ரயர் வழுவழுத்த உருளைதான்.

முன் சில்லும் இழுத்தால் நிச்சயம் வித்தியாசம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பூட்டுவது எப்படி என்று பாருங்கள். கியர்பெட்டியின் பின்புறத்திலிருந்து சக்தியைப் பிரித்தெடுக்க ஒரு துணைக் கியர்பெட்டி வேண்டும். அதிலிருந்து முன்னுக்கு ஒரு தண்டு போக வேண்டும். முன்னே டிபரன்ஷலோடு கூடிய, திரும்பவும் இழுக்கவும் வல்ல அச்சு வேண்டும். உழவு இயந்திரத்துக்கு லொறிக்கு இருப்பது போன்ற நீளச் சட்டம் கிடையாது. எஞ்சினின் வார்ப்பே முன் அச்சைத் தாங்குகிறது. மெல்லிய அச்சுக்கென வார்த்த இடத்தில் பாரமான அச்சைத் தொங்கவிட்டால், வரம்பு ஏறி இறங்கும்போது வார்ப்பு வெடிக்கலாம்.

இதைவிடச் சிக்கலானது சில்லுக் கணக்கு. பின் ரயர் ஒரு சுற்றில் 3.9 மீற்றர் போகிறது, சிறிய முன் ரயர் 2.6 மீற்றர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பின் சில்லு ஒருமுறை சுற்றும்போது முன் சில்லு ஒன்றரை முறை சுற்ற வேண்டும். அதற்கும் மேலாக, நூற்றுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை முன் சில்லு முந்தி ஓட வேண்டும். கணக்குப் பிசகினால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து கியரின் பல்லைத் தின்றுவிடும். கையிலிருக்கும் ஏதோ ஒரு ஜீப்பின் அச்சை ஒட்டிப் பூட்டினால் இந்தக் கணக்கு எப்படிச் சரிவரும்? அதே இயந்திரத்தின் நாலு சில்லு இழுக்கும் வகைக்குரிய அச்சும் கியர்ப் பாகங்களும் முழுமையாகக் கிடைத்தாலன்றி இதில் கை வைக்க வேண்டாம்.

உலகில் யாரும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறார்கள். 1956 இல் இங்கிலாந்தின் ரோட்லெஸ் நிறுவனம், இத்தாலியின் செலீன் நிறுவனத்தின் முறையைப் பின்பற்றி, இரண்டாம் உலகப் போரில் மிஞ்சிய ஜி.எம்.சி. இராணுவ லொறிகளின் முன் அச்சை போட்சன் மேஜர் இயந்திரத்துக்குப் பூட்டியது. அதே காலத்தில் எசெக்ஸின் கடுங்களி நிலத்தில் ஜோர்ஜ் பிறயர் என்ற விவசாயி வேறு வழி கண்டார். இரண்டு போட்சன் இயந்திரங்களின் முன் சில்லுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கொளுவினார். நாலு பெரிய சில்லு, இரண்டு எஞ்சின், பின்னே ஒரே சாரதி! ஏர்னஸ்ட் டோ நிறுவனம் அதை எடுத்துச் சில நூறு இயந்திரங்களைச் செய்து விற்றது. கெட்டித்தனம்தான். ஆனால் அவர்களுக்கு வயல் பெரியது. பின்னால் ஒரு தொழிற்சாலையும் இருந்தது. நமது அரை ஏக்கர் வரவைக்குள் அந்த இரட்டைப் பிறவி திரும்பவே இடம் போதாது.

இரண்டு சில்லு இயந்திரத்துக்கும் இதே ஆசை உண்டு. எந்த நிறுவனம் செய்ததானாலும் வன்னியில் அதற்கு லாண்ட்மாஸ்டர் என்றே பெயர். 1950களின் நடுப்பகுதியில் அந்தப் பெயருடைய இங்கிலாந்து நிறுவனத்துக்காக அதை வடிவமைத்தவர் நம் நாட்டுப் பொறியியலாளர் ரே விஜேவர்தன. பிற்காலத்தில், தான் எருமையை இயந்திரமாக்கினேனே தவிர விவசாயத்தை முன்னேற்றவில்லை என்ற கருத்தை அவரே கொண்டிருந்தார். 2010 இல் காலமானார். இத்தாலியில் இவ்வகை இயந்திரங்களின் பெட்டிச் சில்லுக்கும் தண்டு மூலம் சக்தி கொடுத்து, நாலு சில்லும் இழுக்கச் செய்கிறார்கள். அதற்கென, சில்லின் வேகத்தோடு ஒத்துச் சுழலும் தனி இணைப்பு இயந்திரத்திலேயே இருக்க வேண்டும். நம்மிடமுள்ளவற்றில் அதைப் பிறகு வெட்டி ஒட்டுவது வீண் செலவு.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் ஒரு வெண்கட்டி எடுங்கள். பின் ரயரில் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கியபடி அதே வயலில் பத்துச் சுற்று ஓடி, போன தூரத்தை அளவுங்கள். பிறகு உழுதுகொண்டு பத்துச் சுற்று. முன்னது 40 மீற்றர், பின்னது 34 மீற்றர் என்றால் வழுக்கல் நூற்றுக்கு 15. இரு சில்லு இழுக்கும் இயந்திரத்துக்கு இது ஏற்கக்கூடியது. 28 மீற்றர்தான் என்றால் வழுக்கல் 30. உழவுக்கு ஊற்றும் பத்து லீற்றர் டீசலில் ஏறத்தாழ மூன்று லீற்றர் சில்லை வீணே சுற்றவைக்கப் போகிறது. 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு அந்த மூன்று லீற்றரின் அருமையைச் சொல்லத் தேவையில்லை.

புழுதி உழவில் வழுக்கினால் பாரம் கூட்டலாம். 13.6-28 அளவுப் பின் ரயருக்குள் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பினால் ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 200 லீற்றர் ஏறும். ஆனால் சேற்று உழவுக்கு இது நேர் எதிரானது. அங்கே பாரம் புதைக்கும். தண்ணீரை இறக்கிவிட்டு அகலமான இரும்புச் சில்லைப் பூட்ட வேண்டும். தார் றோட்டில் அதோடு ஓடக்கூடாது. ஒரு சில்லு மட்டும் சுற்றி மற்றது நின்றால், குதிக்கால் பக்கத்திலுள்ள டிபரன்ஷல் பூட்டை மிதியுங்கள். நேரே போகும்போது மட்டும்; திரும்புமுன் காலை எடுத்துவிட வேண்டும்.

இனிச் சொல்வதைச் சாரதியாக இருக்கும் இளைஞருக்கு வாசித்துக் காட்டுங்கள். புதைந்த இயந்திரத்தின் பின் சில்லுக்கு முன்னால் மரக்குற்றி கட்டி ஏற்றப் பார்ப்பது நம்மிடையே வழக்கம். சில்லு சுற்ற முடியாமல் இறுகினால், எஞ்சின் சில்லைச் சுற்றாது. இயந்திரத்தின் உடலையே அச்சைச் சுற்றித் தூக்கும். முன்பக்கம் எழும்பிச் சாரதியின் மேல் மல்லாந்து விழ ஓரிரு விநாடி போதும். கிளச்சை மிதிக்கக்கூட நேரமிராது. அச்சுக்கு மேலான இடத்தில் சங்கிலி கொளுவிப் பாரம் இழுத்தாலும் இதே விபத்து நேரும். கலப்பையைக் கழற்றி, சில்லைச் சுற்றி மண்ணை வெட்டி, பின்னோக்கி எடுங்கள். வராவிட்டால் இன்னொரு இயந்திரத்தைக் கூப்பிட்டு, பதிவான இடத்தில் கொளுவி மெதுவாக இழுப்பியுங்கள். அதுவரை நிற்கட்டும்.

லீசிங்கில் எடுத்த இயந்திரமானால் இன்னொன்றும் உண்டு. கடன் முடியும்வரை அது உங்களுடையதல்ல. அச்சை வெட்டி மாற்றினால் ஒப்பந்தமும் முறியும், பதிவுப் புத்தகமும் பொருந்தாது. தொழிற்சாலையிலிருந்தே நாலு சில்லும் இழுக்கும் இயந்திரங்கள் இப்போது தாராளமாக வருகின்றன. பள்ளக் காணிக்கு மட்டும் அப்படியொன்றை மணித்தியாலக் கூலிக்குப் பிடிப்பது மலிவு.

துணுக்காய்க் குடும்பங்கள் மூன்றும் பழைய இரும்புச் சில்லுச் சோடியொன்றை வாங்கி, ஒட்டுக்காரர் ஒருவரிடம் கொடுத்துத் தகடுகளைப் புதுப்பித்துக்கொண்டன. பள்ளத்து ஒன்றரை ஏக்கரை மட்டும் கூலி இயந்திரம் உழுதது. சங்கிலி பிள்ளையின் கழுத்திலேயே கிடக்கிறது. மேட்டுக் காணியில் வெண்கட்டி அளவு 35 மீற்றர் வந்ததாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.