கடைமடை ரசிகன்

டி.வி. வந்துதான் விளையாட்டு வளர்ந்ததுன்னு எதிரணி நண்பர் சொன்னார். ஒத்துக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவன் பெருகினான். டிக்கெட் வாங்கி மைதானத்துக்குப் போறவன் கதி என்ன?

2023-24 ஐ.எஸ்.எல். கால்பந்துத் தொடரில் இரவு ஆட்டங்கள் பல 8 மணிக்குத் தொடங்கின. குடும்பமே டி.வி. முன்னால் கூடுகிற நேரம்; விளம்பரத்துக்கு நல்ல நேரம்! ஆட்டம் 90 நிமிடம், இடைவேளை 15. சென்னை நேரு மைதானத்தைவிட்டு வெளியே வரும்போது மணி பத்து. மகனைக் கூட்டிக்கொண்டு போன தஞ்சாவூர்க்காரர் சுமார் 340 கிலோமீட்டர் திரும்பி வரணும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்னா, திங்கள் காலை பையன் வகுப்பில் தூங்குவான். வாத்தியார் தட்டி எழுப்பினா, 'கோல்!'னு கத்துவான். (சிரிப்பு)

ஜெர்மனியில் டி.வி.க்காகத் திங்கள் இரவு ஆட்டம் வைத்தார்கள். 2018-இல் ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்கள் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி எதிர்த்தார்கள். 2021-22 முதல் அங்கே முதல்நிலைத் தொடரில் திங்கள் ஆட்டத்தையே கைவிட்டார்கள். (கைதட்டல்)

2020-இல் ஐ.பி.எல். கிரிக்கெட் ஆளில்லா மைதானத்தில் நடந்தபோது, பதிவு செய்த ஆரவாரத்தைத்தானே ஒலிபரப்பினார்கள்? கூட்டம் இல்லாத ஆட்டம் டி.வி.க்கும் ருசிக்காது, ஐயா!

நம்ம காவிரிக் கரையில், தலைமடை வயல் நிறைஞ்சா போதும்னு விடுறதில்லை. கடைமடைக்கும் எட்டணும்னு முறை வைக்கிறோம். ஆட்ட நேரம் குறிக்கிறவர்களும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ரசிகனை நினைக்கட்டும்.