துறை முன்னனுப்பல்: வெளியிலிருந்து வரும் பொதி எந்தக் காம்பராவுக்கு?

அலகு: கணினி வலையமைப்பு

மாணவர்களே, வீட்டிலுள்ள றவுட்டர், அதாவது வழிப்படுத்தி, செய்யும் வேலையை விளங்கிக்கொள்ள முதலில் தோட்டத்துத் தபாலை நினைத்துப் பாருங்கள். மலையகத் தோட்டங்கள் பலவற்றில் லயக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இருக்கவில்லை. தோட்டத்தின் பெயரே எல்லோருக்கும் முகவரி. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே விநியோகிக்கப்பட்டன. நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் திகதி கடந்த பின்னர் கைக்குக் கிடைத்த கவலை பல குடும்பங்களுக்கு உண்டு. ஒரே முகவரியின் பின்னால் பலர் இருக்கும்போது, வருவது எவருக்கு என்பதை யாராவது தீர்மானிக்க வேண்டும். வலையமைப்பிலும் இதே பிரச்சினை உண்டு.

1. பொது முகவரியும் தனியார் முகவரியும்

ஐபிவி4 முகவரி 32 பிற்றுக்களைக் கொண்டது. எனவே மொத்த முகவரிகள் 4,294,967,296 மாத்திரமே. உலகிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் இது போதாது. ஆகவே வீட்டு இணைப்புக்குப் பொதுவாக ஒரு பொது முகவரியே கிடைக்கும். உள்ளேயுள்ள சாதனங்களுக்கு வழிப்படுத்தி தனியார் முகவரிகளை வழங்கும். 1996 இல் இதற்கென வரையறுக்கப்பட்ட வீச்சுகள்:

• 10.0.0.0 முதல் 10.255.255.255 வரை
• 172.16.0.0 முதல் 172.31.255.255 வரை
• 192.168.0.0 முதல் 192.168.255.255 வரை

உள்ளிருந்து ஒரு கோரிக்கை வெளியே செல்லும்போது வழிப்படுத்தி அதைக் குறித்து வைத்து, பதில் வந்ததும் உரிய சாதனத்திடம் சேர்க்கும். இது வலையமைப்பு முகவரி மாற்றம் எனப்படும். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் தாமாக அனுப்பும் பொதி எவருக்கு உரியது என்பது வழிப்படுத்திக்குத் தெரியாது. எனவே அது கைவிடப்படும்.

2. துறை என்றால் என்ன?

ஒரு கணினியில் இயங்கும் சேவைகளை வேறுபடுத்தும் எண்ணே துறை, அதாவது போர்ட். இது 0 முதல் 65535 வரை அமையும். வலைப்பக்கச் சேவைக்கு 80, பாதுகாப்பான வலைப்பக்கச் சேவைக்கு 443, கோப்புப் பரிமாற்றத்துக்கு 21 என்பன வழக்கமானவை.

“இந்தத் துறைக்கு வரும் பொதியை உள்ளேயுள்ள இன்ன முகவரிக்கு அனுப்புக” என வழிப்படுத்திக்கு முன்கூட்டியே விதி எழுதி வைப்பதே துறை முன்னனுப்பல், அதாவது போர்ட் போர்வேர்டிங் ஆகும்.

3. அமைக்கும் முறை

ஹற்றனில் ஒரு மாணவி கடந்தகால வினாத்தாள்களைத் தன் கணினியிலுள்ள வலைச் சேவையகத்தில் வைத்திருக்கிறாள் எனக் கொள்வோம். தலவாக்கலையிலுள்ள தோழி அவற்றைத் திறக்க வேண்டும்.

படி 1: கணினிக்கு மாறாத தனியார் முகவரி ஒன்றை ஒதுக்குக. உதாரணம்: 192.168.1.10
படி 2: வலை மேலோடியில் வழிப்படுத்தியின் முகவரியை இட்டு உள்நுழைக. பெரும்பாலும் 192.168.1.1 ஆக இருக்கும். சாதனத்தின் அடியிலுள்ள சீட்டில் பார்க்கலாம்.
படி 3: போர்ட் போர்வேர்டிங் அல்லது வேர்ச்சுவல் சேர்வர் என்ற பகுதியைத் திறக்க.
படி 4: வெளித்துறை 8080, உள் முகவரி 192.168.1.10, உள்துறை 80, நெறிமுறை டீசீபீ என நிரப்பிச் சேமிக்க.
படி 5: கணினியின் தீச்சுவரிலும் துறை 80 ஐ அனுமதிக்க.
படி 6: வீட்டு வைஃபையிலிருந்து அல்லாமல், கைத்தொலைபேசியின் தரவு இணைப்பிலிருந்து சோதிக்க. பொது முகவரியை அடுத்து முக்காற்புள்ளியும் 8080 உம் இட வேண்டும்.

4. விதி சரி, ஆனால் வேலை செய்யவில்லை

4ஜீ வீட்டு இணைப்புகளில் இது அடிக்கடி நேரும். சேவை வழங்குநர் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தால், பொதி உங்கள் வழிப்படுத்தியை வந்தடைவதில்லை. கடிதம் நகரத்துத் தபாலகத்திலேயே தங்கிவிட்டால் தோட்ட அலுவலகத்தில் விதி எழுதி என்ன பயன்? வழிப்படுத்தி காட்டும் வெளி முகவரி 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையுள்ள வீச்சில் இருந்தால் காரணம் இதுவே. பொது முகவரி தருமாறு வழங்குநரிடம் கேட்க வேண்டும்.

5. பாதுகாப்பு

திறந்த துறை தோழிக்கு மட்டுமன்றி உலகம் முழுவதற்கும் திறந்தது. 2016 இல் மிராய் என்னும் தீம்பொருள், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கமெராக்களையும் வழிப்படுத்திகளையும் கைப்பற்றி, பெரும் இணையத்தளங்களை முடக்கப் பயன்படுத்தப்பட்டது. எனவே:

• வழிப்படுத்தியினதும் சேவையகத்தினதும் கடவுச்சொற்களை மாற்றுக.
• தேவையான துறையை மட்டும் திறக்க.
• தேவை முடிந்ததும் விதியை நீக்குக.

மாதிரி வினாக்கள்

1. தனியார் முகவரி அல்லாதது எது?
(அ) 10.5.5.5 (ஆ) 172.32.0.1 (இ) 192.168.1.10
விடை: (ஆ). இரண்டாவது வீச்சு 172.31.255.255 உடன் முடிவடைகிறது.

2. மழையில் மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வந்த பின்னர், தோழியால் வினாத்தாள்களைத் திறக்க முடியவில்லை. விதி மாறவில்லை; கணினியும் சேவையகமும் இயங்குகின்றன. இரு காரணங்கள் தருக.
விடை: வழிப்படுத்தி மீள இயங்கியபோது பொது முகவரி மாறியிருக்கலாம். படி 1 செய்யப்படாதிருந்தால், கணினியின் தனியார் முகவரி மாறி, விதி இப்போது வேறொரு சாதனத்தைச் சுட்டலாம்.